இறங்கிய முள்

மேட்டுப்பாளையத்தில் ஷெட் வைத்திருப்பவனுக்கு ஏப்ரல், மே மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. வருஷம் முழுக்கச் சமதளத்தில் சொகுசாக ஓடிய வண்டிகள் அந்த ரெண்டு மாசத்தில்தான் முதல்முறையாக மலையைப் பார்க்கின்றன. எங்கள் ஊர் கடல் மட்டத்துக்கு மேல் முன்னூறு மீட்டர் சொச்சம். குன்னூர் 1,800 மீட்டருக்கும் மேலே. கல்லாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள், மொத்தம் 14. ஐந்து பேர், ஐந்து பேருக்கும் பெட்டி, ஏசி, முன்னால் உறுமிக்கொண்டு ஊரும் பஸ், இரண்டாவது கியர். ரேடியேட்டரில் எங்கே நோய் இருந்தாலும் அங்கே வெளியே வந்துவிடும்.

போன் வரும். "அண்ணா, பர்லியார் பக்கத்துல நிக்கிறோம், பானட்லேர்ந்து புகை வருது." நான் இரண்டு கேள்வி கேட்பேன். வண்டியை ஆஃப் பண்ணிட்டீங்களா? புகை வந்து எவ்வளவு தூரம் ஓட்டினீங்க?

முதல் கேள்விக்கு எல்லாரும் டக்கென்று பதில் சொல்லிவிடுவார்கள். இரண்டாவதற்குத்தான் தொண்டையைச் செருமுவார்கள். "வந்ததும் ஓரங்கட்டிட்டோம்" என்றால் ஒரு ஹோஸ், ஒரு கிளிப், ஒரு கேன் கூலன்ட். மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிகிற வேலை. "இல்லீங்ணா, நிறுத்த இடமில்ல, கொஞ்ச தூரம் வந்து…" என்று இழுத்தால், பையனைக் கூப்பிட்டு டோ வண்டிக்குச் சொல்லச் சொல்லிவிடுவேன். ஓட்டிய அந்தக் கொஞ்ச தூரத்துக்குத்தான் பில்லே.

இதைச் சொல்ல எனக்கு அருகதை உண்டா என்றால், நானே ஓட்டியவன் என்கிற அருகதை இருக்கிறது.

நான் தொழிலுக்கு வந்தது 1984-இல், 14 வயதில். மேஸ்திரி ஷெட்டில் அப்போது அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, எஸ்டேட் ஜீப்புகள். அம்பாசிடர் மலையில் கொதிக்கும். கொதிப்பது அதன் சுபாவம் என்றே நினைத்திருந்தோம். மலை டிரைவர்கள் டிக்கியில் ஒரு கேன் தண்ணீரும் மடித்த சாக்கும் வைத்திருப்பார்கள். எந்த வளைவில் பாறையிலிருந்து ஊற்று விழுகிறது என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஆவி வந்தால் ஓரங்கட்டி, பீடி பற்ற வைத்து, அது முடிந்ததும் சாக்கை மூடிமேல் போட்டு ஒரு திருகு. உஸ்ஸென்று அடங்கும். தண்ணீரை ஊற்றிக்கொண்டு மேலே போவார்கள். ரேடியேட்டர் கசிந்தால் ஒரு பிடி மஞ்சள் தூள் போட்டு ஊர் வரை கொண்டுவந்து சேர்த்தவர்களும் உண்டு.

அந்த 1489 சிசி இன்ஜின் அதையெல்லாம் தாங்கியது. பிளாக்கும் வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு. சூடானால் ரெண்டும் ஒரே அளவில் விரியும், ஆறினால் ஒரே அளவில் சுருங்கும். கேஸ்கெட் போகும், ஹெட் கோணுவது அபூர்வம். "ஹீட்டானா தண்ணி ஊத்து, எடுத்துட்டுப் போ." எங்கள் ஷெட்டில் பையன்கள் கற்ற பாடம் இதுதான். இரும்பு கற்றுக்கொடுத்த பாடம்.

என் இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வழவழவென்று ஒரு தழும்பு இருக்கிறது. சாக்கு போடாமல் மூடியைத் திறந்ததற்குக் கிடைத்தது. ரேடியேட்டர் மூடி என்பது குக்கர் வெயிட்தான். உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது; இப்போதைய வண்டிகளில் அது காற்றழுத்தத்துக்கு மேல் ஏறக்குறைய இன்னொரு பங்கு அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அதனால் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 வரை தாக்குப்பிடிக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே. மூடியைத் திறந்த நிமிஷம் அழுத்தம் போய்விடுகிறது. 110 டிகிரியில் சமர்த்தாக இருந்த தண்ணீர் சீறிக்கொண்டு ஆவியாகிறது. குக்கர் வெயிட்டைக் கரண்டியால் தூக்கினால் என்ன ஆகும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் நடுரோட்டில், பதற்றத்தில், அந்த மூடியும் வெயிட்தான் என்பது மறந்துபோகிறது. ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மேலே ஏற ஏற அந்த மூடிதான் காப்பாற்றுகிறது. ரப்பர் காய்ந்த மூடியை மாற்றச் சொன்னால், நாலு லட்சத்துக்கு வண்டி வாங்கியவர்கூட நாளைக்குப் பார்க்கலாம் என்பார்.

மாருதி 800 நாட்டுக்கு வந்தது 1983 டிசம்பரில். எங்கள் ஷெட்டுக்கு ஒழுங்காக வர ஆரம்பித்தது நாலைந்து வருஷம் கழித்து. குன்னூரில் ஒரு டாக்டர் வைத்திருந்தார். 1989-இல் அந்த வண்டிக்கு ரேடியேட்டர் மேல் ஹோஸ் மாற்றியது நான். ஹோஸ் புதுசு. கிளிப் புதுசு இல்லை. பழைய கிளிப்பில் திருகு வழுக்கியது, இறுகிவிட்டது போல இருந்தது, விட்டுவிட்டேன். பிறகு டிரையல். எங்களுக்கு டிரையல் என்றால் பர்லியார் வரை ஏற்றி, ஒரு டீ குடித்து, திரும்புவது. 19 வயசு. அந்தச் சின்ன வண்டியை ஓட்டுவதே ஒரு கொண்டாட்டம்.

இறங்கி வரும்போது, கடைசி வளைவுகளில், பானட் இடுக்கில் லேசாக ஆவி. முள் மேலே போய் சிவப்பைத் தொட்டது. கல்லாற்றில் நிறுத்தலாம் என்று நினைத்தேன். நிறுத்துவதற்குள் முள் இறங்க ஆரம்பித்தது. பாதிக்கு வந்தது. அதற்கும் கீழே வந்தது. ஆவியும் நின்றுவிட்டது. கல்லாற்றிலிருந்து ஊர் வரை ரெண்டு பக்கமும் பாக்குத் தோப்பு. எந்த வெயிலிலும் அந்த ரோட்டில் காற்று குளுகுளுவென்று இருக்கும். தோப்புக் காற்று பட்டு ஆறிவிட்டது என்று முடிவு செய்தேன். ஷெட்டுக்கு ஆறேழு கிலோமீட்டர். ஓட்டினேன்.

பாதி வழியில் வண்டிக்கு மூச்சு வாங்கியது. ஆக்ஸிலேட்டர் மிதித்தாலும் இழுவை இல்லை. கிளிக் கிளிக் என்று ஒரு சத்தம், பித்தளைச் சொம்பில் கோலிக்குண்டு உருட்டுவது போல. ஷெட் வாசலில் சாவியைத் திருப்பி ஆஃப் செய்தேன். இன்ஜின் நிற்கவில்லை. சாவி கையில் இருக்க, தானாக ரெண்டு மூன்று முறை குலுங்கிவிட்டுத்தான் அடங்கியது. உள்ளே கரி தணலாக இருந்தால், கார்பரேட்டர் வண்டியில் பெட்ரோல் ஸ்பார்க் இல்லாமலே பற்றிக்கொள்ளும். எனக்கு அது அப்போது தெரியாது. பேய் பிடித்த மாதிரி இருந்தது.

மேஸ்திரி வந்து பானட்டைத் தூக்கினார். ஹோஸ் கழன்று தொங்கியது. ரேடியேட்டர் வாய்க்குள் விரலை விட்டார். ஈரமே இல்லை.

"முள் எறங்கிருச்சுங்ணா. அதான் ஆறிருச்சுன்னு…"

"தண்ணி எங்கடா போச்சுன்னு கேக்கத் தோணலியா?"

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் இன்ஜின் முழுக்கக் குளிர்ந்த பிறகுதான் ஹெட்டைக் கழற்றவிட்டார். சூட்டோடு கழற்றினால் இருக்கிற கோணல் இன்னும் கோணும். ஓரத்துப் போல்ட்டில் ஆரம்பித்து, கால் கால் சுற்றாக, நடுவை நோக்கி. ரெண்டு போல்ட் வரும்போது அலுமினிய மரையைச் சுருள் சுருளாக இழுத்துக்கொண்டு வந்தன.

ஹெட்டைக் கவிழ்த்து மேஜையில் வைத்து, குறுக்கே ஸ்டிரெயிட் எட்ஜை நிறுத்தி, பின்னால் டார்ச் பிடித்தார். வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. ஃபீலர் கேஜை என் கையில் கொடுத்தார். 0.05 தகடு போனது. நான் பார்த்த மேனுவல்களில் சின்ன ஹெட்டுகளுக்கு எல்லையே அதுதான், தலைமுடியைவிட மெல்லியது. 0.10 போனது. 0.15 சற்று உரசிக்கொண்டு போனது. 0.20 நின்றது. ரெண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதற்கும் நடுவில் கேஸ்கெட்டின் இரும்பு வளையம் கருகி அறுந்திருந்தது. ஆயில் கம்பியை உருவினால் பால் அதிகமாகப் போன டீ நிறத்தில் கொழகொழவென்று வந்தது. அந்த டாக்டர் வண்டிக்கு ஹெட், கேஸ்கெட், கோயம்புத்தூர் லேத் கூலி எல்லாம் மேஸ்திரி கையிலிருந்து போட்டார். கிளிப் விலை மூணு ரூபாயோ நாலு ரூபாயோ. என் சம்பளத்தில் அவர் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் மறந்திருப்பேனோ என்னவோ.

முள் ஏன் இறங்கியது என்பது எனக்குப் புரிய இன்னும் ரெண்டு வருஷம் ஆனது. தண்ணீர் ஹெட்டை விட்டு வெளியேறும் வாயில், தெர்மோஸ்டாட் பக்கத்தில், சுண்டுவிரல் நுனி அளவு பித்தளைக் குமிழ் ஒன்று திருகியிருக்கும். அதுதான் சென்சர். இன்ஜின் சூடு அதற்குத் தெரியாது. அதைத் தொட்டுக்கொண்டு ஓடும் தண்ணீரின் சூடுதான் தெரியும். தண்ணீர் இருக்கிறவரை ரெண்டும் ஒன்று. தண்ணீர் மட்டம் இறங்கினால் மேலே இருக்கும் குமிழ்தான் முதலில் காய்கிறது. பிறகு அதைச் சுற்றிக் காற்றும் கொஞ்சம் ஆவியும். காற்று சூட்டைக் கடத்துவதில் மகா சோம்பேறி. கீழே எரியறை பழுக்கக் காய்ந்துகொண்டிருக்கும்போது, குமிழ் ஆறிப்போய், எல்லாம் சௌக்கியம் என்று முள்ளுக்குச் சொல்லும். எலெக்ட்ரிக் ஃபேனும் அதே தண்ணீரின் சூட்டை நம்பித்தான் ஓடுகிறது. அதுவும் வேலை முடிந்தது என்று நின்றுவிடும். ஆவி நின்றதும் அப்படித்தான். ஆவியாக உள்ளே ஒன்றும் பாக்கி இல்லை.

எங்கள் ஊர் ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் நீலகிரி ரயிலில் ஃபயர்மேனாக இருந்து ரிட்டயரான பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அந்த ரயில் குன்னூர் வரை ஓட ஆரம்பித்தது 1899-இல். ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறும் பாதை. இன்ஜின் நடுவில் ஹில்குரோவ் போன்ற ஸ்டேஷன்களில் நின்று தண்ணீர் குடித்துத்தான் மேலே போகும். ஒருநாள் மாருதி கதையை அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, நீராவி பாய்லரில் நெருப்புப் பெட்டியின் கூரையில் ஈயம் நிரப்பிய ஒரு அடைப்பு இருக்கும் என்றார். மேலே தண்ணீர் நிற்கிறவரை அந்த ஈயம் உருகாது. தண்ணீர் அதற்குக் கீழே இறங்கினால் ஈயம் உருகி ஓட்டை விழும்; ஆவி நேராக நெருப்பின் மேல் பாய்ந்து கூவும். ஃபயர்மேனுக்கு அதைவிட மானக்கேடு கிடையாதாம். "எங்க இன்ஜின் தண்ணி கொறஞ்சா கத்தும். உங்க இன்ஜின் தண்ணி கொறஞ்சா சிரிக்குமாக்கு?" என்றார். நூறு வருஷத்துக்கு முந்தைய பாய்லருக்கு இருந்த வாய் கார் இன்ஜினுக்கு ஏன் இல்லை என்று நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு. 1990-களில் அமெரிக்காவில் கேடிலாக் நார்த்ஸ்டார் என்று ஒரு இன்ஜின் வந்தது. தண்ணீர் இல்லாமல் சூடேறினால் சிலிண்டர்களை மாற்றி மாற்றி எரியவிடும். எரியாத சிலிண்டரில் வெறும் காற்று போய்வந்து அதை ஆற்றும். மெல்ல ஓட்டி வீடு போய்ச் சேரலாம். படித்திருக்கிறேன், கையால் தொட்டதில்லை. இப்போது சில வண்டிகளில் கூலன்ட் டப்பாவிலேயே மட்டம் காட்டும் சென்சர் வருகிறது. அது இருக்கிற வண்டிக்காரர் பாக்கியசாலி.

புது வண்டிகளில் முள்ளே பெரும்பாலும் நாடகம்தான். 80 டிகிரியிலும் அது நடுவில் நிற்கும், 105-லும் நடுவில் நிற்கும். ஓட்டுகிறவர் அநாவசியமாகப் பயப்படக் கூடாது என்று அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். அது நகர ஆரம்பிக்கும்போது ஏற்கெனவே தாமதம். பல சின்ன வண்டிகளில் முள்ளும் இல்லை. குளிராக இருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான்.

தண்ணீர் இல்லாமல் ஓடும் இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்பதை வண்டிக்காரர்களுக்கு விளக்க நான் படாத பாடு பட்டிருக்கிறேன். எரியும் வாயு 2,000 டிகிரிக்கு மேல். அலுமினியம் 660-இல் உருகிவிடும். இந்த ரெண்டுக்கும் நடுவில் நிற்பது சில மில்லிமீட்டர் சுவரும் அதற்குப் பின்னால் ஓடும் தண்ணீரும்தான். தண்ணீர் போனால் முதலில் விரிவது ஹெட். அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும். கீழே பிளாக் இரும்பாக இருந்தால் ஹெட் நீள இடமில்லை, போல்ட் விடாது. நடுவில் வில்லாக வளைகிறது. ரெண்டு வால்வுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய பாலத்தில் கீறல் விழும். சூட்டில் அலுமினியத்தின் உரமே போய்விடும். பிறகு எவ்வளவு நேராகச் செதுக்கினாலும் அது பழைய உலோகம் இல்லை. போல்ட்டை இறுக்கினால் மரை சவுக்காரம் போல வழியும். அடுத்தது பிஸ்டன். அது விரிந்து சிலிண்டர் சுவரில் உரசும். ஆயில் தண்ணீராக நீர்த்துப்போய், சுவரில் நிற்காது. ரிங்குகள் விறைப்பை இழக்கும். அப்படிப்பட்ட வண்டி கேஸ்கெட் மாற்றியதும் நன்றாகத்தான் ஓடும். மூணு மாசம் கழித்து ஆயில் குடிக்கிறது என்று வருவார்கள். வந்து என்னைத்தான் திட்டுவார்கள்.

எத்தனை நிமிஷம் தாங்கும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். மேட்டில், முழு லோடில், உள்ளே ஒரு சொட்டு இல்லாமல் என்றால் நிமிஷக் கணக்குதான். மொத்தம் எத்தனை கிலோமீட்டர் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அதில் ஒன்று குறைத்து ஓட்டிவிட்டு வருவார்கள்.

2024 மே மாதம் ஒரு வண்டி வந்தது. மலைக்கு இ-பாஸ் கட்டாயமாக்கிய சமயம். மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல், வாங்கி நாலு வருஷம் முடியவில்லை. சென்னைக்காரர், மனைவி, அம்மா, ஏழெட்டு வயசில் ஒரு பெண். டோ வண்டியின் முதுகில் அவர்களுடைய வண்டி. பின்னால் ஒரு வாடகைக் காரில் அவர்கள். ஓட்டியவருக்கு விஷயம் தெரியாமல் இல்லை. பர்லியாருக்கு மேலே முள் ஏறியதும் ஏசியை ஆஃப் செய்திருக்கிறார். ஹீட்டரை முழுக்கத் திறந்துவிட்டிருக்கிறார். ஹீட்டர் என்பது டேஷ்போர்டுக்குள் இருக்கும் இன்னொரு குட்டி ரேடியேட்டர். இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை வண்டிக்குள் இழுத்துக்கொள்ளும். சரியான காரியம்தான். உள்ளே தண்ணீர் இருக்கிறவரை.

"ஃபர்ஸ்ட் அனல் மாதிரி அடிச்சுதுண்ணா. எங்களால உக்கார முடியல. அஞ்சு நிமிஷத்துல சரியாயிடுச்சு. முள்ளும் கீழ வந்துடுச்சு. ஹீட் கொறஞ்சிடுச்சுன்னு நெனச்சேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மேஸ்திரியின் முகம் ஞாபகம் வந்தது.

"அனல் நின்னப்புறம் வென்ட்ல என்ன காத்து வந்துதுங்க?"

அவர் யோசித்தார். பெண் சொன்னது: "ஜில்லுனு வந்துச்சு அங்கிள். நான்தான் சொன்னேன், அப்பா, ஏசி போட்ட மாதிரி இருக்குன்னு."

ஹீட்டரை முழுக்கத் திறந்து வைத்திருக்கையில் ஜில்லென்று காற்று வந்தால், குட்டி ரேடியேட்டருக்குள் தண்ணீர் ஓடவில்லை. முள் பொய் சொன்ன அதே நேரத்தில் வென்ட் உண்மையைச் சொல்லியிருக்கிறது. அதற்குமேல் அவர் ஓட்டியது காட்டேரிக்குச் சற்று முன்னால் வரை. வழியில் நிறுத்தாததற்குக் காரணங்கள் சொன்னார். வளைவு, பின்னால் பஸ், குரங்கு, போனில் சிக்னல் இல்லை, அம்மாவுக்கு முடியவில்லை, ரூமுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. ஒன்றும் பொய்யில்லை. நானும் அந்த இடத்தில் பாக்குத் தோப்பைத்தான் நம்பினேன்.

கிராங்க் புல்லியில் சாக்கெட் மாட்டி, கைப்பிடியில் பைப் கோத்து, நானும் பையனும் தொங்கினோம். அசையவில்லை. மறுநாள் குளிர்ந்தபின் கீச்சென்று அரைச் சுற்று வந்தது. பிளக் துவாரம் வழியாகக் கேமராவை விட்டுப் பார்த்தோம். நடு சிலிண்டரின் சுவரில் மேலிருந்து கீழாக, நகத்தால் பிறாண்டியது போலக் கோடுகள். சுவரில் அங்கங்கே பிஸ்டனின் அலுமினியம் அப்பியிருந்தது. காரணம் தேடினால், தெர்மோஸ்டாட் பக்கத்தில் ஹோஸ் மாட்டும் பிளாஸ்டிக் மூக்கு விண்டு போயிருந்தது. பழைய வண்டிகளில் அது வார்ப்பு உலோகம். இப்போது பாதிப் பிளம்பிங் பிளாஸ்டிக். சூட்டிலும் குளிரிலும் வெந்து வெந்து ஒருநாள் பிஸ்கட் மாதிரி உடையும்.

இன்சூரன்ஸில் வருமா என்று கேட்டார். மோதாமல், கவிழாமல், உள்ளே தானாகப் பழுதானால் சாதாரணப் பாலிசியில் வராது. அந்தப் பேச்சு எப்போதுமே கசப்பாகத்தான் முடியும், முடிந்தது.

எங்கள் தொழிலின் பாவக்கணக்கையும் சொல்ல வேண்டும். நம்ம ஊர் சூட்டுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு என்று கழற்றி எறிந்த தலைமுறை என்னுடையது. நானே எத்தனையோ கழற்றியிருக்கிறேன். கழற்றினால் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் பெட்ரோல் குடிக்கும். சில இன்ஜின்களில் குறுக்கு வழி மூடாமல், சுடுதண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பத் திரும்ப ஹெட்டுக்குள் சுற்றும். கூலன்டுக்குப் பதில் போர்த் தண்ணீரை ஊற்றியதும் நாங்கள்தான். எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீர் ரேடியேட்டர் குழாய்களில் என்ன செய்யும் என்பதைத் தெரிந்துகொள்ள, வீட்டு வாட்டர் ஹீட்டரைத் திறந்து பார்த்தால் போதும். ஆபத்துக்கு எந்தக் குடிதண்ணீரும் சரி. பாட்டில் தண்ணீரை ஊற்றிச் சமாளிக்கலாம். பிறகு அதை வடித்துவிட்டுக் கூலன்ட் போட வேண்டும். வடித்த கூலன்டை நான் கேனில் மூடி வைப்பேன். தித்திப்பாக இருக்கும், நாய் நக்கும். நக்கினால் சிறுநீரகம் போய் செத்துவிடும்.

தண்ணீரை ஊற்றுவதிலும் ஒரு பொறுமை வேண்டும். மூடி கையால் தொடும் சூட்டுக்கு வர அரைமணியாவது ஆகும், மலையில் நல்ல இறுக்கத்தில் நின்ற வண்டிக்கு ஒரு மணிநேரம்கூட. கொதிக்கும் காலி இன்ஜினுக்குள் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் அங்கேயே கீறல் விடும். சுட்ட கண்ணாடி டம்ளரில் ஐஸ் போட்ட கதை. ஊற்றிய தண்ணீர் கண்ணெதிரே இறங்கினால் மேற்கொண்டு ஓட்ட நினைக்கவே கூடாது.

அந்தச் சென்னை வண்டிக்குப் பதினெட்டு நாள் வேலை. ஹெட் கோயம்புத்தூரில் கணபதி பக்கம் லேத்துக்குப் போனது. தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் காற்றேற்றிப் பார்த்ததில் வால்வு நடுவே குமிழி வந்தது, புது ஹெட். பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதுசு. கடைசியாக மாட்டும் நாளில் ஷெட் பையன் சென்சரைத் தூக்கிக் காட்டினான்.

"அண்ணா, இதுவும் போயிருக்குமுங். தப்பாக் காட்டுன சனியன் இதுதானுங்களே. புதுசு வாங்கிரட்டுமா?"

மீட்டரை எடுத்து வரச் சொன்னேன். வெறும் காற்றில் 1,700 ஓம் பக்கம் காட்டியது. டீக்கடையிலிருந்து ஒரு சொம்பு கொதிதண்ணீர் வாங்கிவரச் சொல்லி, கம்பியில் கட்டி, குமிழ் முழுகும்படி விட்டோம். மீட்டரில் எண் மளமளவென்று சரிந்து 200-க்குக் கீழே போய் நின்றது. வெளியே தூக்கினோம். ஒரு நிமிஷத்துக்குள் மறுபடி ஏற ஆரம்பித்தது, சொம்பில் தண்ணீர் பக்கத்திலேயே தளதளவென்று ஆவி விட்டுக்கொண்டிருக்க.

பையன் சொம்பையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்குது," என்றேன். துடைத்துவிட்டு அதையே மாட்டினான்.